சுங்கை சிப்புட்டிலிருந்து நகரத் திட்டமிடல் வேலைக்கு: முதல் இரண்டு வருடம் யாரிடம், எதைக் கற்பது?

லயத்துக்காரி:
இந்த வருடம் டிகிரி முடிக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். மலேசியாவில் ஸ்ரீ இஸ்கண்டாரிலோ ஸ்கூடாயிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்துவிட்டு பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு மூன்று வழி தெரிகிறது. ஈப்போவில் ஐந்தாறு பேர் இருக்கும் சின்ன கன்சல்டன்ட், கோலாலம்பூரில் பெரிய நிறுவனம், இல்லையென்றால் எஸ்.பி.ஏ.வில் (அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பொதுச்சேவை ஆணையம்) பெயர் போட்டுவிட்டுக் காத்திருப்பது. எல்லாரும் "நல்ல மென்டர் ஒருத்தரைப் பிடி" என்கிறார்கள். பிடித்து என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நல்ல வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது, அவரிடம் எதைக் கேட்பது, முதலில் கையில் எடுக்க வேண்டிய வேலை எது? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "கடின உழைப்பு" மாதிரியான பதில் வேண்டாம்.

சிவப்புப் பேனா:
முதலில் பதிவு, தங்கச்சி. இந்தத் தொழிலை ஆள்வது 1995-ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடுநர் சட்டம், அக்தா (சட்டம்) 538. அதன்கீழ் உள்ள லெம்பாகா பெரன்சாங் பண்டார் மலேசியாவில் (நகரத் திட்டமிடுநர் வாரியம்) பட்டதாரியாகப் பதிந்து, மேற்பார்வையில் வேலை செய்து, தேர்வைத் தாண்டிய பிறகுதான் பதிவுபெற்ற திட்டமிடுநர். எம்.ஐ.பி. என்பது தொழில்முறைச் சங்கம், அதில் உறுப்பினராவது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு லெம்பாகா பதிவை ஒரு வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய.

எந்த நிறுவனம் என்பதைவிட, அங்கே பதிவுபெற்றவர் யார், அவர் உங்கள் வரைவைப் படிப்பாரா என்பதுதான் கேள்வி. நேர்முகத்தில் நேராகவே கேட்கலாம்: "நான் எழுதும் எல்.சி.பி.யை (விண்ணப்பத்தோடு போகும் மேம்பாட்டு முன்மொழிவு அறிக்கை) யார் திருத்துவார்? திருத்திய தாளை எனக்குத் திருப்பித் தருவாரா?" வாரத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர் எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் வழிகாட்டி ஆகமாட்டார். தப்பைக் குறித்துக் காட்டாமல் தானே சரிசெய்து ஓ.எஸ்.சி.க்கு (உள்ளாட்சியில் விண்ணப்பங்களை வாங்கும் ஒரே மையம்) அனுப்பிவிடுகிறவரும் அப்படித்தான். அவர் கெட்டிக்காரர், ஆனால் நீங்கள் எங்கே தப்பு விட்டீர்கள் என்று கடைசிவரை தெரியாது.

செம்பனை66:
அப்படியானால் ஈப்போ சின்ன நிறுவனம்தான் நல்லது. பெரிய இடத்தில் ஒரு ரன்சாங்கான் தெம்பாத்தானுக்கு (உள்ளூர்த் திட்டம்) நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கு வண்ணம் தீட்டியே வருடம் போய்விடும். சின்ன இடத்தில் கிராண்டு (நில உரிமைப்பத்திரம்) தேடுவதிலிருந்து ஓ.எஸ்.சி. கூட்டம் வரைக்கும் ஒரே ஆள் பார்க்கலாம்.

சிவப்புப் பேனா:
பாதி சரி. சின்ன இடத்தில் முதலாளிக்கு என்ன பழக்கமோ அதுவே உங்கள் பழக்கமாகிவிடும்; அது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. மாநில ரன்சாங்கான் ஸ்துருக்தூர் (கட்டமைப்புத் திட்டம்), ரன்சாங்கான் கவாசான் காஸ் (சிறப்புப் பகுதித் திட்டம்) போன்றவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்குத்தான் போகும். ஈப்போவில் சேர்கிறவருக்கு வெளியிலிருந்து இரண்டாவது வழிகாட்டி கட்டாயம். கோலாலம்பூரில் சேர்கிறவர் ஆறு மாதத்துக்குள் ஒரு கே.எம். (திட்டமிடல் அனுமதி) விண்ணப்பத்தையாவது முதலிலிருந்து கடைசி வரை தன் கையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கிராண்டு:
எந்த ஊரில் சேர்ந்தாலும் முதல் மூன்று மாதம் கற்க வேண்டியது கிராண்டு படிப்பது. பல்கலைக்கழகத்தில் லேஅவுட் வரையச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிராண்டை மேலோட்டமாகத்தான் காட்டுகிறார்கள். தோட்டப் பகுதியில் வேலை பாதி அதில்தான் கிடக்கிறது.

தாளைக் கையில் எடுத்ததும் இந்த வரிசையில் பாருங்கள். என்ன வகை உரிமைப்பத்திரம்: கெரான் (மாநிலப் பதிவகப் பத்திரம்), கெரான் முக்கிம் (நில அலுவலகப் பத்திரம்), அளவை முடியாத எச்.எஸ்.(டி)? நகர, பட்டண எல்லைக்கு வெளியே உள்ள நாட்டுப்புற நிலத்தில் (தானா டேசா) 4 ஹெக்டேர் வரை நில அலுவலகப் பத்திரம், அதற்கு மேல் போனால் மாநிலப் பதிவகம். அடுத்து வகை: பெர்த்தானியான் (விவசாயம்), பங்குனான் (கட்டடம்), பெருசாஹான் (தொழில்), இந்த மூன்றில் எது. அதன்பின் சியாராட் ஞாத்தா, அதாவது வெளிப்படை நிபந்தனை. "ரப்பர்" என்று எழுதியிருக்கும் நிலத்தில் செம்பனை நிற்பது இங்கே சாதாரணம். அடுத்து செக்காத்தான் கெபெந்திங்கான்: மாநில அதிகாரியின் அனுமதி இல்லாமல் மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது என்று இருக்கிறதா? கடைசியாக, அடகும் காவியட்டும் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு).

புதுசாக வருகிறவர்கள் விடும் பெரிய தப்பு ஒன்று. ரன்சாங்கான் தெம்பாத்தானில் அந்த இடம் வீடமைப்பு என்று காட்டியிருந்தால் போதும் என்று நினைப்பது. 1976-ஆம் ஆண்டின் அக்தா 172 (நகர, கிராமத் திட்டமிடல் சட்டம்) ஒரு பக்கம், 1965-இன் கானூன் தானா நெகாரா (தேசிய நிலச் சட்டம்) இன்னொரு பக்கம். வரைபடத்தில் வீடமைப்பு, கிராண்டில் ரப்பர் என்றால் கே.எம். கிடைத்தாலும் நிபந்தனை மாற்றம் தனியாக ஆக வேண்டும். நிலச் சட்டத்தின் 124ஏ பிரிவில் நிபந்தனை மாற்றமும் துண்டுபோடுவதும் சேர்ந்து போகும். 204டி என்றால் பழைய கிராண்டை அரசிடம் ஒப்படைத்துப் புதிதாகப் பெறுவது. அப்போது காலவரையும் நிபந்தனையும் மாறக்கூடும். எது பொருந்தும் என்று லேஅவுட்டுக்குக் கோடு போடுவதற்கு முன்னே வழிகாட்டியிடம் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் பதில் கசக்கும்.

அடுத்தது 214ஏ. ஒரே உரிமையாளர் கையில் சேர்ந்தாற்போல் இருக்கும் விவசாய நிலம் 40 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால் அது "தோட்ட நிலம்". கைமாற்ற லெம்பாகா தானா லாடாங்கின் (தோட்ட நில வாரியம்) அனுமதி வேண்டும். கிராண்டில் 12 ஹெக்டேர் என்று பார்த்துவிட்டு "இது அதில் வராது" என்று எழுதுகிறார்கள். பக்கத்து மூன்று கிராண்டும் அதே கம்பெனி பெயரில் இருக்கும். சட்டம் எண்ணுவது ஒரு கிராண்டை இல்லை, ஒட்டிக் கிடக்கும் மொத்தத்தை. இந்தப் பிரிவு ஏன் இருக்கிறது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். தோட்டத் துண்டாடலில் ஆட்கள் தெருவில் நின்றதால்தான் நம் சுங்கை சிப்புட்டுக்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே தொடங்கினார்.

லயத்துக்காரி:
நன்றி அண்ணே. 124ஏ, 204டி இரண்டையும் வகுப்பில் ஒரே ஸ்லைடில் முடித்துவிடுவார்கள். எல்.சி.பி. எதற்காகத் திரும்பி வருகிறது?

சிவப்புப் பேனா:
யோசனை சரியில்லாமல் திரும்புவது குறைவு. கணக்கும் தாளும் சரியில்லாமல் திரும்புவதுதான் அதிகம். கிராண்டில் ஒரு பரப்பு, வரைபடத்தில் இன்னொரு பரப்பு. விண்ணப்பதாரர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர், ஒப்புதல் கடிதம் இல்லை. கம்பெனி நிலம், தீர்மானம் இணைக்கவில்லை. நிலவரி ரசீது போன வருடத்தது. உரிமையாளர் இறந்துவிட்டார், பெயர் இன்னும் மாறவில்லை.

பரப்பு அட்டவணைக்கு ஓர் உதாரணம். 20 ஏக்கர் என்றால் 8.094 ஹெக்டேர். வீடு 45 சதவீதம் 3.642, சாலை 33 சதவீதம் 2.671, திறந்தவெளி 10 சதவீதம் 0.809, மற்றவை 12 சதவீதம் 0.971. கூட்டிப் பாருங்கள், 8.093 வரும். மூன்றாம் தசமத்தில் சுருக்கியதால் 0.001 காணாமல் போயிற்று. இதைத் திரையில் எக்செல் மறைத்துவிடும், அச்சிட்ட தாளில் அதிகாரி கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பார். 0.001-ஐச் சாலையில் சேருங்கள். திறந்தவெளியைத் தொடாதீர்கள், அது 10 சதவீத வழிகாட்டுதலோடு ஒப்பிடப்படும் எண்.

இன்னொன்று. 20-க்கு 70 அடி வரிசைவீட்டு மனை சுமார் 130 சதுர மீட்டர். வீட்டுக்கான 3.642 ஹெக்டேரை, அதாவது 36,420 சதுர மீட்டரை, 130-ஆல் வகுத்து "280 வீடு" என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். வரிசையின் கடைசி மனையும் மூலை மனையும் பெரிதாக இருக்கும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். எண்ணிக்கை குறைந்ததும் கார் நிறுத்தம், குப்பை, கழிவுநீர், போக்குவரத்து என்று எல்லா அத்தியாயமும் தப்பாகிவிடும். மனைகளை வரைந்து எண்ணிய பிறகுதான் எழுத்து.

ரெந்திஸ்:
தளத்துக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. செம்பனைக்குள் ட்ரோன் படம் மட்டும் வைத்து வேலை செய்ய முடியாது, மட்டை கூரை மாதிரி மூடிக்கொள்ளும். நடந்துதான் ஆக வேண்டும். பார்க்க வேண்டியது: பழைய லயம் (தொழிலாளர் வரிசைவீடு) எங்கே, தண்ணித் தொட்டி எங்கே, மின்கம்பி ரெந்திஸ் (கம்பிக்கு ஒதுக்கிய பாதை) எந்தப் பக்கம் போகிறது, மழை பெய்த மறுநாள் எந்தப் பாதையில் தண்ணீர் நிற்கிறது, சுடுகாடு எங்கே. தோட்டத்துச் சுடுகாடு பல இடங்களில் தனி லாட்டாக இருக்காது, அரசிதழிலும் இருக்காது. பழைய 1:50,000 வரைபடத்தைப் பாருங்கள், அதோடு தோட்டத்தில் வயசாளி ஒருவரைக் கேளுங்கள். நில அலுவலகத் தேடலில் அது வராது.

சரிவு அளவு: 15 பாகைக்குள், 15 முதல் 25, 25 முதல் 35, அதற்கு மேல் என நான்கு வகுப்பு. கிளெடாங் தொடரை ஒட்டிய பக்கத்தில் மூன்றாம் நான்காம் வகுப்பு வந்துவிடும், ஆரம்பத்திலேயே வரைபடத்தில் பிரித்துக் காட்டிவிடுங்கள். ஆற்று ரிசர்வை (கரையோர ஒதுக்கு நிலம்) ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் துறை) ஆற்றின் அகலத்தை வைத்துக் கேட்கும்: 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேல் போனால் 50 மீட்டர். தோட்டத்து வாய்க்கால் எல்லாம் ஓடை இல்லை, ஓடை எல்லாம் வாய்க்கால் இல்லை. எது எது என்று தளத்தில் முடிவு செய்யாமல் வந்தால் பிறகு ஒரு வரிசை வீடே போய்விடும்.

வரைபடத்தில் அடிக்கடி ஆகும் கோளாறு: பழைய கெர்தாவ் ஆர்.எஸ்.ஓ. ஆயமுறைக் கோப்பை இ.பி.எஸ்.ஜி. (ஆயமுறைக்கான குறியீட்டு எண்) 3168 என்றும் புதிய ஜி.டி.எம்.2000 கோப்பை 3375 என்றும் குறிக்காமல் கியூ.ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளில் போட்டுவிடுவது. நூறு மீட்டரைத் தாண்டி விலகும். செம்பனை மேல் செம்பனைதானே, கண்ணுக்குத் தெரியாது. சாலை முனையையோ கோயில் கூரையையோ வைத்துச் சரிபாருங்கள். மாவட்டத்தில் எந்த நிலம் எதற்கு என்று முதல் பார்வைக்கு கூட்டரசுத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் தளம் போதும், ஆனால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்.சி.பி.யில் ஒட்டாதீர்கள்.

செம்பனை66:
ஒரு சேர்க்கை. பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ்: சுற்றி 200 மீட்டரில் உள்ள எல்லாருக்கும் 21 நாள்.

சிவப்புப் பேனா:
இல்லை தம்பி, இதைத்தான் எல்லாரும் தப்பாக மனப்பாடம் செய்கிறார்கள். அக்தா 172-இன் 21-ஆம் பிரிவில் மூன்று வகை. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வடிகாலோ இடையில் இல்லாவிட்டால் ஒட்டியிருக்கக்கூடிய நிலம், 200 மீட்டர் என்பது முட்டுச்சந்தைப் பொதுவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும். ஆட்சேபிக்க 21 நாள் என்பது சரி. சட்டப்படி இந்த நோட்டீஸ் ரன்சாங்கான் தெம்பாத்தான் இல்லாத இடத்துக்குத்தான். மற்ற இடங்களில் மாநில விதி என்ன கேட்கிறது என்று பாருங்கள். அனுப்புவது உள்ளாட்சி, பட்டியல் தயாரிப்பது பெரும்பாலும் நீங்கள். பட்டியலில் ஒரு லாட் விட்டுப்போனால் விசாரணை நாளன்று அந்த லாட்டுக்காரர்தான் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

கோணமானி:
வழிகாட்டிச் சந்திப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன், லயத்துக்காரி கேட்டது அதுதானே.

நிறுவனத்துக்குள்ளே இருக்கும் வழிகாட்டி உங்கள் பதிவேட்டில் (மேற்பார்வையில் செய்த வேலையின் குறிப்பேடு) கையெழுத்திடுகிறவர். வெளியே இருப்பவர் உங்களிடம் உண்மையைச் சொல்கிறவர். இருவரிடமும் ஒன்றையே கேட்காதீர்கள்.

வெளி வழிகாட்டியோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம். இரண்டு நாள் முன்னே ஒரு தாள் அனுப்புங்கள்: ஒரு வரைபடம் அல்லது இரண்டு பக்க எழுத்து, அதன்மேல் மூன்று கேள்வி. "எப்படி முன்னேறுவது" என்பது கேள்வியே இல்லை. "இந்த முனையில் சாலை 12 மீட்டரா 15 மீட்டரா, ஏன்?" என்பது கேள்வி. சந்திப்பு முடிந்த அன்றே ஐந்து வரியில் நீங்கள் புரிந்துகொண்டதை எழுதி அனுப்புங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அவர் அங்கேயே பிடித்துவிடுவார். தொடர்ந்து மூன்று தடவை தள்ளிவைக்கிறவரா, நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். மனஸ்தாபம் வேண்டாம், அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் கோப்பை வாட்சாப்பில் வெளியாளுக்கு அனுப்பக்கூடாது. லாட் எண், உரிமையாளர் பெயர், முக்கிம் மூன்றையும் மறைத்து, பிரச்சினையை மட்டும் தனியாக வரைந்து காட்டுங்கள். நகராண்மைக் கழக அதிகாரி வழிகாட்டியாக இருந்தால் இன்னும் கவனம். அவருடைய மேசைக்கு வரப்போகும் விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கோலகங்சார் கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர் வேறு மாவட்டத்து அதிகாரியைத் தேடிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பதிவேடு: வாரந்தோறும், வெள்ளிக்கிழமை மாலை. தேதி, எந்த வகை வேலை, அதில் உங்கள் கை எது, எந்தப் பிரிவு, எந்த வழிகாட்டுதல், திருத்தத்தில் என்ன மாறியது. "லேஅவுட் உதவி" என்று பத்து வாரம் எழுதினால் அது பதிவேடு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் நிறுவனம் மாறிப்போன பிறகு பழைய கையெழுத்துக்கு அலைகிற கூத்து எல்லா ஊரிலும் உண்டு.

செம்பனை66:
அரசு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு: திட்டமிடல் அதிகாரி வேலை முன்பு ஜே41, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் ஜே9. எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் இருக்க வேண்டும். எஸ்.பி.ஏ. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் பெயர் விழுந்துவிடும். காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்காமல் எங்கேயாவது மேற்பார்வையில் சேருங்கள். நேர்முகத்தில் கே.எம். கோப்பு எப்படி நகர்கிறது என்று சொல்லத் தெரிகிறவருக்கும் பாடநூல் ஒப்பிக்கிறவருக்கும் வித்தியாசம் உடனே தெரியும்.

கிராண்டு:
கடைசியாக, நம் பிள்ளைகளால் மட்டும் கேட்க முடிகிற ஒரு கேள்வி: தோட்டம் தாமானாக (வீடமைப்புக் குடியிருப்பு) மாறும்போது கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எங்கே போகின்றன? லேஅவுட்டில் "குயில்" (மலாயில் கோயில்) என்று ஒரு கட்டம் எழுதியிருக்கும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அந்தக் கட்டம் அப்போதைக்கு வெறும் மை. அது சர்வேயரின் ப்ரீ-காம்ப் பிளானில் (துண்டுகளின் அளவைக் கணக்கிட்ட வரைபடம்) தனி லாட்டாக வர வேண்டும், அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், பிறகு கானூன் தானா நெகாராவின் 62-ஆம் பிரிவில் ரிசர்வாக அரசிதழில் வர வேண்டும் அல்லது கோயில் பெயரில் கிராண்டு வர வேண்டும். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் பத்து வருடம் கழித்து அந்த இடம் வேறொருவர் லாட்டின் மூலையாக இருக்கும். லேஅவுட் திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தின் பரப்பைப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். 0.2 ஹெக்டேராக இருந்தது இரண்டாம் திருத்தத்தில் 0.12 ஆகும், குறிப்பு எதுவும் இருக்காது.

பள்ளிக்கூடம் வேறு சிக்கல். நிலம் தோட்ட முதலாளியுடையதா, அரசுடையதா என்று முதலில் தேடல் எடுங்கள். பகுதி உதவி பெறும் பள்ளி என்றால் நிலம் அரசுடையதாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பள்ளி வாசல் எந்தப் பக்கம், மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதையும் பாருங்கள். புதிய தாமான் இரண்டடி உயர்த்தப்பட்டால் பள்ளித் திடல் குளமாகும். வடிகால் எஞ்சினியரிடம் தள மட்டத்தைக் கேட்டு எல்.சி.பி.யிலேயே எழுதிவையுங்கள்.

ரெந்திஸ்:
மழைநீரைத் தேக்கும் தடுப்புக் குளத்தைத் திறந்தவெளிக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கும் முதலாளிகளும் உண்டு. குளத்துக்கு 3 முதல் 5 சதவீதம் தனியாக எடுத்து வைத்தே முதல் வரைவைத் தொடங்குங்கள். பின்னால் திடலை வெட்டிக் குளம் தோண்ட வேண்டி வராது.

லயத்துக்காரி:
அப்படியானால் முதல் வருடத்தில் எந்த மூன்று கோப்பைக் கேட்டு வாங்கச் சொல்லலாம்?

சிவப்புப் பேனா:
ஒன்று, கடைவீட்டுப் பயன்பாட்டு மாற்றம். சின்னது, சீக்கிரம் முடியும், பக்கத்துக் கடைக்காரர்களோடு பேச வேண்டியிருக்கும். மோட்டார் பட்டறையோ பறவைக்கூடு வளர்ப்போ என்றால் ஆட்சேபம் வந்தே தீரும், அதுவே பாடம். அனுமதி இல்லாமல் முன்னமே தொடங்கிவிட்டார்களா என்று கேளுங்கள். அக்தா 172-இன் 26-ஆம் பிரிவில் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை, இரண்டு வருடச் சிறையும் உண்டு என்பதை வாடிக்கையாளரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு, ஒரு குடும்ப நிலத்தைத் துண்டுபோடுவது. இதில் கிராண்டு, வாரிசு, சாலை அணுகல் மூன்றும் வரும். அணுகல் சாலை இல்லாத துண்டை வரையாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

மூன்று, வேறொருவர் செய்து அனுமதி வாங்கிய வீடமைப்பு லேஅவுட்டின் பழைய கோப்பு. புதிதாகச் செய்ய வேண்டாம், நிபந்தனைக் கடிதத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும்: எந்தத் துறை என்ன கேட்டது, எந்தத் தாளில் அதற்குப் பதில் இருக்கிறது? அந்த அனுமதி 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதி என்பதால், நீட்டிப்புக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லயத்துக்காரி:
பழைய கோப்பில் நிலத் தேடல் தாள் இருந்தால் அதையே பயன்படுத்தலாமா, புதிதாக எடுக்க வேண்டுமா?

கிராண்டு:
படிக்கப் பழையது போதும். சமர்ப்பிக்க எப்போதும் புதிது. தேடல் தாளின் மேல்மூலையில் தேதி இருக்கும், எல்.சி.பி. அட்டையில் உள்ள மாதத்தோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இடைப்பட்ட நாளில் ஒரு காவியட் விழுந்திருந்தால் அந்தத் தாளில் இருக்காது.

லயத்துக்காரி:
சரி அண்ணே. மூன்று கோப்பையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்.